கதவோரத்து ஸ்பிரிங்

ஏனுங்க, அந்த ஸ்பேனரக் கீழ வைங்க. அது மில்லிமீட்டர் ஸ்பேனருங்க. இது அம்பாசிடர், எழுபத்தொம்பது மாடல், நட்டெல்லாம் இஞ்சுக் கணக்கு. அதைப் போட்டுத் திருப்புனீங்கன்னா நட்டு மூலை மழுங்கிப் போயிரும், அப்பறம் உளி வெச்சுத்தான் வெட்டணும். டிக்கியில என்ர பொட்டி இருக்குது, அதுல அரை இஞ்சு ஸ்பேனர் எடுத்துக்குங்க. தப்பா நெனைக்காதீங்க. இருவத்தெட்டு வருசம் ஐ.டி.ஐ.யில பிட்டர் வாத்தியாரா இருந்தவன். தப்புன்னு ஒண்ணு கண்ணுல பட்டா வாய் கம்முனு இருக்காது.

முன்சீட்டு மட்டுந்தானுங்க. பின்சீட்டுல ஒரு கோளாறும் இல்ல. முன்சீட்டுலயும் என்ர பக்கம் பாருங்க, அமுக்கிப் பாருங்க, கல்லு கணக்கா நிக்குது. கோளாறெல்லாம் அந்தப் பக்கந்தான். இடது கை பக்கம், கதவோரம். அங்க கையை வெச்சுராதீங்க! கம்பி நீட்டிட்டு இருக்குது. ரெக்சினுக்கு மேல ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு வெச்சிருக்கேன்.

இது நாலாவது தடவைங்க. இந்த ஒரு மொழ எடத்துக்கு நாலு தடவை. சுருள் ஸ்பிரிங்குல அப்படி என்ன பெரிய வித்தை இருக்குது, சொல்லுங்க. கம்பியச் சுத்தி வெச்சிருக்கான், மேல உக்காந்தா அமுங்குது, எந்திரிச்சா எந்திரிக்குது. அது ஒண்ண ஒழுங்கா நிக்க வெக்க முடியலைன்னா எனக்கு எப்படி இருக்கும்? ஈரோட்டுல ஒருத்தரு கை விரிச்சாரு. பெருந்துறையில நீங்க நல்லாப் பண்ணுவீங்கன்னு கோபியில பெட்ரோல் பங்க்குல சொன்னாங்க. அதான் காலம்பற கெளம்பி வந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணுமுங்க. திங்கக்கெழமை முடிச்சுக் குடுத்தா எனக்கு அது வேண்டாம். ஞாயித்துக்கெழமை பேத்திக்குக் காதுகுத்து, எங்க மாப்பிள்ளை ஊட்டுக் குலதெய்வங் கோயில்ல, காங்கயத்துக்குப் பக்கம். உங்களுக்குத் தெரியாதா, பொண்ணைப் பெத்த நாங்க ரெண்டு பேரும், அப்புச்சியும் அம்மிச்சியும், சீர் கொண்டுட்டுப் போகோணும். ஜோடியாப் போகோணும். தட்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுட்டு வண்டியில இருந்து எறங்கோணும். ஒறம்பரை சனம் அத்தனை பேரும் வாசல்ல நின்னு பாத்துட்டு இருப்பாங்க. அன்னிக்கு நான் மட்டும் ஒத்தையா தட்டத்தைத் தூக்கிட்டு எறங்குனா எப்படி இருக்கும்?

ஒத்தையா ஏன் எறங்கோணும்னு கேக்கறீங்க. அதுதானுங்க வெசனமே. ராஜாமணி இந்த வண்டியில ஏற மாட்டேங்கறா. ராஜாமணின்னா என்ர சம்சாரம். திருப்பூர்ல மக ஊட்டுக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. போன்ல கேட்டா, "நான் இவங்க கூட வேன்லயே வந்துக்கறேனுங்க, நீங்க சீரை எடுத்துட்டு வந்துருங்க"ங்கறா. முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணிட்டு, ஒரு ஸ்பிரிங்குக்காக இப்படிப் பண்ணுவாங்களா? பொம்பளைங்க மனசு எனக்குப் புரியறதே இல்லைங்க.

சொல்லுங்க, என்னமோ கேக்க வந்தீங்க. இருங்க, நான் இதைச் சொல்லி முடிச்சர்றேன்.

இந்த வண்டிய நான் வாங்குனது தொண்ணூத்தொண்ணுல. எங்க பிரின்சிபால் ரிட்டையர் ஆயி ஊருக்குப் போறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. எங்க வீதியில மொத காரு இதுதான். பசங்க ஓடியாந்து தொட்டுத் தொட்டுப் பாப்பானுங்க. ஸ்கூட்டர்ல போனாக் கௌரவமா இருக்காதுன்னு நான் இதை வாங்கலீங்க. உண்மையான காரணத்தைச் சொல்றேன், உங்ககிட்டச் சொன்னா என்ன. எங்கூடு அப்ப கூட்டுக் குடும்பம். எங்கய்யன், அம்மா, தம்பி, தம்பி சம்சாரம், பசங்க. ரெண்டே ரூமு. பொண்டாட்டிகிட்ட ஒரு தப்பை எடுத்துச் சொல்லோணும்னா எங்க வெச்சுச் சொல்றது? நாலு பேரு முன்னால பொண்டாட்டியத் திட்டறவன் மனுசனே இல்லைங்கறது என்ர கொள்கை. எங்கய்யன் எங்கம்மாவ ஊரு முன்னால வெச்சு வெளாசுவாரு. அதைப் பாத்து வளந்தவனுங்க நான். நான் அப்படி இருக்கக் கூடாதுன்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணிட்டேன்.

அதனால எதா இருந்தாலும் வண்டியில வெச்சுத்தான்.

ஊட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவ கொழம்புல உப்பை அள்ளிப் போட்டிருப்பா, கம்முனு சாப்பிட்டுப் போயிருவேன். எங்கம்மாகிட்ட எதுத்து ஒரு பேச்சுப் பேசியிருப்பா, கேக்காத மாதிரி பேப்பர் படிச்சுட்டு இருப்பேன். எல்லாத்தையும் மனசுல வெச்சுக்குவேன். பொழுதோட, "ராஜாமணி, சீலை மாத்திக்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்"பேன். அவ்வளவுதான். கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுட்டுக் கொடிவேரி ரோட்டுல வண்டிய விட்டா, போக இருவது நிமிசம், வர இருவது நிமிசம். சொல்ல வேண்டியதை வரிசையா, ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லிருவேன். வெளிய ஒரு எழுத்துக் கேக்காது. திரும்பி வந்து ஊட்டு வாசல்ல எறங்கறப்ப விசயம் முடிஞ்சுது. ஊட்டுக்குள்ள சண்டைங்கற பேச்சே கெடையாது.

கை நீட்டி ஒரு அடி அடிச்சதில்லீங்க, எங்க வேணா வந்து சத்தியம் பண்றேன். இதுல கியரு ஸ்டேரிங்குல இருக்குதுங்களா, இடது கை சும்மாதான் இருக்கும். பேசறப்ப எனக்குக் கை கொஞ்சம் ஆடும், அது வாத்தியார் பழக்கம். எப்பவாச்சும் தோள்ல ஒரு தட்டுத் தட்டியிருப்பேன், கவனிக்கறாளான்னு பாக்கறதுக்கு. பசங்களைத் தட்டறதில்லீங்களா, அந்த மாதிரி.

எங்க வீதியில என்ன சொல்லுவாங்க தெரியுமா? "சென்னியப்பன் வாத்தியாரு மாதிரிப் பொண்டாட்டிய வெச்சுக்கோணும்"பாங்க. பக்கத்தூட்டு லோகாம்பாள் அவ புருசன்கிட்டயே சண்டைக்குப் போயிருக்கறா. "வாத்தியாரு வாரத்துல ரெண்டு நாளு பொண்டாட்டியக் காருல கூட்டீட்டுப் போறாரு, நீ என்னை மாரியம்மன் கோயிலுக்காச்சும் கூட்டீட்டுப் போயிருக்கறயா?"ன்னு. அப்படி இருந்த குடும்பமுங்க.

அந்த ரெக்சின மெதுவா உரிங்க, கிழிச்சுராதீங்க. உள்ள நாரு எல்லாம் பொடிப் பொடியா ஆயிருக்கும். கீழ சாக்குத் துணி, அதுக்குங் கீழதான் ஸ்பிரிங்கு. பாத்தீங்களா. அந்த ஓரத்துல ஒண்ணுல வெல்டு தெரியுது பாருங்க, அது என்ர வேலை.

போன ஐப்பசியிலதானுங்க மொதல்ல ஒடைஞ்சது. "ஏதோ குத்துதுங்க"ன்னா. எறங்கிப் பாத்தா ஓரத்து ஸ்பிரிங்கு ரெண்டாப் போயிக் கெடக்குது. நான் கடைக்கு எதுக்குப் போறேன்? நானே கேஸ் வெல்டு வெச்சேன். நீங்க சிரிக்கறீங்க. எனக்குத் தெரியுமுங்க, ஸ்பிரிங் எஃகுக்கு வெல்டு ஆகாது, சூடு பட்டா வெறைப்பு எறங்கிப் போயிரும். இருவத்தெட்டு வருசம் பசங்களுக்குப் போர்டுல எழுதிப் போட்டவனே நாந்தான். ஆனா அது பசங்களுக்கு. கையில தொழில் இருக்கறவன் பக்குவமாச் செஞ்சா நிக்கும்னு நெனச்சேன். எட்டு நாள் நின்னுச்சு. ஒண்ணு மட்டும் நல்லாப் பாத்துக்குங்க, வெல்டு ஒடையல. வெல்டு அப்படியே இருக்குது. வெல்டுக்குப் பக்கத்துலதான் ஒடைஞ்சிருக்குது. என்ர வேலையில ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

ரெண்டாவது, அதை அப்படியே விட்டுட்டுப் பக்கத்துல ஒரு சோபா ஸ்பிரிங்கு வாங்கிப் போட்டேன். அது ஒரு விரக்கடை ஒசரமாப் போச்சு. கதவுப் பக்கம் மேடு, நடுவுல பள்ளம். உக்காந்தா தன்னால நடுவுக்குச் சறுக்கி வரும். எனக்கு அது ஒருவகையில நல்லதாத்தான் பட்டுது. ஆனா அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? ஒயர் கூடையக் கொண்டாந்து எனக்கும் அவளுக்கும் நடுவுல வெச்சா. அதை ஒரு கையில பிடிச்சுட்டு, இன்னொரு கையில கதவப் பிடிச்சுட்டு, மேட்டு மேலயே தொங்கிட்டு வந்தா. "சறுக்குனாச் சறுக்கட்டுமே, நான் என்ன அசலாளா?"ன்னு கேட்டேன். "இல்லீங்க, கியரு போடறப்ப உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்"ன்னா. அக்கறைன்னு நெனச்சுட்டேன்.

அப்பறம் மாசி மாசக் கடைசி முகூர்த்தம். சத்தியமங்கலத்துல என்ர சகலை மகனுக்குக் கல்யாணம். போறப்ப நல்லாத்தான் போனோம், பேச்சு ஒண்ணுமில்ல. அங்க பந்தியில நான் உக்காந்திருக்கறேன், எனக்குப் பின் வரிசையில இவ என்ர கொழுந்தியாகிட்டப் பேசறா. என்ன பேசறா? "அவருக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியறதில்ல, எதுக்க லாரி வந்தாக்கூடக் கிட்ட வந்தப்பறந்தான் பிரேக்கப் போடறாரு, எனக்கு உசுரே இல்ல"ங்கறா. எங்க வெச்சு? கல்யாணப் பந்தியில. எனக்கு எல சாப்பாடு எறங்குமா? இருந்தாலும் நான் ஒண்ணுமே காட்டிக்கலீங்க. பாயாசம் வரைக்கும் சாப்பிட்டேன். மொய் வெச்சேன். சிரிச்சுட்டே சொல்லீட்டுக் கெளம்புனேன்.

வண்டியில ஏறிக் கண்ணாடிய ஏத்திட்டு ஆரம்பிச்சேன். மத்தியானம் ரெண்டு மணி வெயிலு. சத்தியில இருந்து கோபிக்கு எவ்வளவு தூரம் இருக்குது, உங்களுக்கே தெரியும். வழி பூரா கேட்டேன். எப்படி நீ அப்படிச் சொல்லலாம்? எனக்குக் கண்ணு தெரியலைன்னு ஊருக்குத் தெரிஞ்சா யாரு என்னை மதிப்பான்? நீ மட்டும் அன்னிக்குப் பால் பொங்க விட்டயே, நான் யார்கிட்டயாச்சும் சொன்னனா? எல்லாத்தையும் கேட்டேன். அவ கதவோட கதவா ஒட்டிக்கிட்டு, மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டு உக்காந்திருந்தா. பதில் சொல்லலைன்னா எனக்கு எச்சாக் கோவம் வரும்.

ஊட்டுக்கு வந்து எறங்குறா, சீலை சீட்டுல மாட்டிட்டு வருது. பாத்தா அந்த சோபா ஸ்பிரிங்கு ரெக்சின ஓட்டை போட்டுட்டு வந்து நிக்குது. சீலையில ரத்தம். தொடையில இம்புட்டு நீளத்துக்குக் கிழிச்சிருக்குது. எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சுங்க. நானும் மனுசன்தானே. "ஏண்டி, குத்துதுன்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டயா? எங்க குத்துச்சு, எப்பக் குத்துச்சு?"ன்னு சத்தம் போட்டேன். ஊட்டு வாசல்ல வெச்சு நான் சத்தம் போட்டது அதுதான் மொதத் தடவை.

"சத்தி தாண்டுனதுமே குத்துச்சுங்க"ங்கறா.

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க"ங்கறா.

இதுக்கு என்னங்க அர்த்தம்? பேசிட்டு இருந்தா நிறுத்தச் சொல்லக் கூடாதா? நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? சரி, ஏறு, ஆசுபத்திரிக்குப் போலாம், ஊசி போட்டுட்டு வரலாம்னேன். "நான் நடந்தே போயிக்கறேனுங்க"ன்னு ரத்தச் சீலைய மாத்திட்டு நடந்தே போனா. நான் வண்டிய எடுத்துட்டுப் பின்னாலயே மெதுவா உருட்டிட்டுப் போறேன், திரும்பிப் பாக்கல. வீதியே வேடிக்கை பாத்துச்சு. ஊசி போட்டுட்டு வந்து, மறுநாள் காலம்பற ஒரு பையில நாலு சீலைய வெச்சுட்டு, "பாப்பாவப் பாத்துட்டு வர்றேன்"னு பஸ் ஏறுனவதான்.

டீ வந்துருச்சு, குடிங்க மொதல்ல. நான் சர்க்கரை இல்லாமக் குடிக்கறவன், பரவால்ல குடுங்க.

மூணாவதுதான் ஈரோட்டுப் பாய். சிக்கந்தர் பாய்னு, நாப்பது வருசமா இதே வேலைங்கறாங்க. போன வாரம் கொண்டுட்டுப் போனேன். அவரு ஒரு பழக்கம் வெச்சிருக்கறாரு, உங்களுக்கு இருக்குதான்னு தெரியல. ஸ்பிரிங்கை எல்லாம் கழட்டிக் குவியலாப் போட மாட்டேங்கறாரு. சீட்டுல எந்த எடத்துல இருந்துச்சோ அதே வரிசையில, தரையில ஒரு துணிய விரிச்சு நிக்க வெக்கறாரு. வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சம்மணம் போட்டு உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. எனக்கும் காட்டுனாரு. என்ர பக்கம் எல்லாம் சமமா, கொஞ்சங் கொஞ்சம் அமுங்கியிருக்குது. நடுவுல இருக்கறதெல்லாம் கம்பெனிக் கறுப்புப் பெயிண்ட்டு கூடப் போகாம அப்படியே இருக்குது, ஒரு நாளும் ஆள் உக்காராத மாதிரி. கதவோரத்து ஒரு வரிசை மட்டும் சப்பையாப் போயிக் கெடக்குது.

"ஏன் சார், வீட்டம்மா எப்பவும் கதவோரமாத்தான் உக்காருவாங்களா?"ன்னாரு.

"ஆமா, அதுக்கென்ன?"ன்னேன்.

"அவங்க சீட்டுல உக்காந்து வரல சார். கதவுல சாஞ்சு வந்திருக்காங்க. இத்தனை வருசமும் எடை பூரா இந்த ஒத்த வரிசையிலதான் எறங்கியிருக்கு. நான் புதுசு போட்டுத் தரேன். ஆனா மறுபடியும் இதே எடத்துலதான் ஒடையும்."

எனக்கு அப்பப் பட்டுதுங்க ஒரு சந்தோசம், சொன்னா நம்ப மாட்டீங்க. ஆறு மாசமாத் தேடிட்டு இருந்த கோளாறு கெடச்சுருச்சே. ஸ்பிரிங்குல தப்பு இல்ல, என்ர வெல்டுல தப்பு இல்ல, அவ உக்கார்ற மொறையில தப்பு. ஐ.டி.ஐ.யில மிசின் ஒடைஞ்சா நாங்க மொதல்ல அதைத்தான் பாப்போம், ஓட்டறவன் எப்படி ஓட்டறான்னு. ஒடனே பாய் முன்னாலயே போனைப் போட்டேன். பாயும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ராஜாமணி, கண்டுபிடிச்சாச்சு. உன்ர மேலதான் தப்பு. இனிமே நீ நடுவுல தள்ளி உக்காந்தாப் போதும், ஸ்பிரிங்கு நூறு வருசத்துக்கு நிக்கும். வெள்ளிக்கெழமை வந்து கூட்டீட்டுப் போறேன்"னேன்.

 

"நான் ஓரமா உக்கார்றது சீட்டுக்காக இல்லீங்களே"ன்னா.

"பின்ன எதுக்கு?"

"பாப்பா அழுவுது, வெக்கறேனுங்க."

பாப்பா அழுவவே இல்ல. அழுதா எனக்குக் கேக்காதா? வெச்சுட்டா. பாய் ஊசிய எடுத்து வெச்சுட்டுச் சொல்றாரு, "சார், இந்த வேலைய நான் செய்யல. உங்க காசு எனக்கு வேண்டாம். நீங்க திருப்பூருக்குப் போயி வீட்டம்மாகிட்ட உக்காந்து பேசுங்க, இல்ல, அவங்க பேசறதக் கேளுங்க"ன்னு. எப்படி இருந்திருக்கும் எனக்கு? சீட்டு வேலைக்காரன் சீட்டைப் பாக்கோணும். நான் என்ன குடும்பப் பஞ்சாயத்துக்கா வந்தேன்? "எனக்குப் புத்தி சொல்றதுக்கு நீங்க வேண்டாம், பழையபடி மாட்டிக் குடுங்க"ன்னு வாங்கிட்டு வந்துட்டேன். அவரும் மாட்டிக் குடுத்தாரு. நாப்பது வருசம் தொழில் பண்ணி என்ன பிரயோசனம், வாய அடக்கத் தெரியாதவருக்கு.

அட, போட்டுட்டீங்களா! அதுக்குள்ளயா? ரெண்டு மணி நேரமா நான் மட்டுமே பேசிட்டு இருந்திருக்கறேன் பாருங்க. எங்க கெடச்சுது இந்த ஸ்பிரிங்கு? பழைய அம்பாசிடர் சீட்டுல இருந்து எடுத்ததா? அதுதான் சரி. பழசா இருந்தாலும் ஜோடி சேரோணும். நாரு புதுசா விரிச்சிருக்கறீங்க. ரெக்சின அப்பறம் தெச்சுக்கலாம், சும்மா போத்தி விட்டாப் போதும். வேலைன்னா இது வேலை.

நானா? நான் எதுக்கு உக்காரோணும், நீங்களே உக்காந்து பாருங்களேன். ஓ, என்ர எடை தெரியோணுமா. சரி.

இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்லீங்க. வேற யாரும் இந்த வண்டிய ஓட்டுனதில்ல, நான் எங்க உக்கார்றது? நீங்க அந்தப் பக்கம் ஏறிக்குங்க, ரெண்டு பேரு எடையும் விழட்டும். கதவச் சாத்திக்கறேன்.

நடுவுல நெம்ப நல்லா இருக்குதுங்க. மேடு இல்ல, பள்ளம் இல்ல. ஓரமா நகரச் சொல்றீங்களா? சரி, இந்தா. இங்கயும் பரவால்ல. கால்தான் வெக்க எடம் பத்தல, சக்கரத்து மேடு வந்து முட்டுது. இது இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.

என்ன இப்படிப் புழுங்குது? கத்திரி வெயில் இன்னும் முழுசா ஆரம்பிக்கவே இல்ல. கண்ணாடியச் சித்தே எறக்கிக்கறேன்.

இல்லீங்க, நீங்க தேட வேண்டாம். கைப்பிடி இல்ல. ஒடையல, நாந்தான் கழட்டுனேன்.

அது ஒரு விசயமுங்க. பல வருசம் ஆச்சு. ஈரோடு போற வழியில ரயில்வே கேட்டுல வண்டி நின்னுட்டு இருக்குது, நான் பேசிட்டு இருக்கறேன், இவ கரகரன்னு கண்ணாடிய எறக்கிட்டா. பக்கத்துல டீக்கடை. பெஞ்சுல இருந்தவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. அதுல ஒருத்தன் என்கிட்டப் படிச்ச பையன். எனக்கு மானமே போச்சு. மறுநாள் காலம்பற ஸ்க்ரூ டிரைவர் எடுத்தேன், ஒரே திருகாணிதானே, கழட்டி ஆணி டப்பாவுல போட்டேன். எங்க போச்சோ இப்ப.

கேக்கலீங்க. அவ ஒருநாளும் கேக்கல, கைப்பிடி எங்கன்னு.

வெயில் காலத்துலயா? வெயில் காலத்துலயுந்தானுங்க. என்ர பக்கத்துக் கண்ணாடியையும் நான் ஏத்தித்தான் வெச்சிருப்பேன், பேச்சு முடியற வரைக்கும். எனக்கு உறைச்சதில்ல. பேசறவனுக்கு அது எங்க தெரியுது.

அவ முந்தானையில மொகத்தைத் தொடைச்சுக்குவா. அந்தப் பக்கம் திரும்பிட்டு, அடிக்கடி. "அழுது காட்டாத ராஜாமணி, அழுதா நான் எளகிருவேன்னு நெனைக்காத"ன்னு சொல்லியிருக்கறேன். அது வேர்வையா இருந்திருக்கும். பாதி வேர்வையா இருந்திருக்கும். நான் எறங்கிச் சுத்தி வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

கதவத் தொறந்துக்கறேனுங்க. இல்ல, ஒண்ணும் பண்ணல. தலை சுத்தலெல்லாம் இல்ல. தண்ணி வேண்டாம்.

ஒரு வேலை பண்ணுங்க. கைப்பிடி ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க. அந்தப் பழைய வண்டியிலயே இருக்குமே, ஜோடி சேராட்டிப் பரவால்ல, சுத்துனா எறங்குனாப் போதும். இன்னிக்கே போட்டுருங்க. போட்டதும் போன் பண்ணிச் சொல்லிர்றேன். ராஜாமணி, கைப்பிடி போட்டாச்சு, நீ எப்ப வேணா எறக்கிக்கலாம், நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்னு. சொன்னா வருவா இல்லீங்களா? வெள்ளிக்கெழமை போயி நின்னாக் கெளம்பி வந்துருவா இல்லீங்களா?

ஏனுங்க, அப்ப இருந்து ஏதோ சொல்ல வந்துட்டே இருக்கறீங்க. சொல்லுங்க. நான் பேசல, நீங்க சொல்லுங்க.